நம்ம குடும்பம் 🌺 (மாப்பிள்ளை கார் விஷயம்)

ஈசூன் அத்தை: யாராச்சும் இவர் காரைப் பாத்தீங்களா? மேல பூரா மைனா எச்சம். காலைல 7 மணிக்கு அதுலதான் மாப்பிள்ளை பெருமாள் கோயிலுக்குப் போகணும்

பெரிய மாமா: மரத்தடியில விட்டா?

சித்தி: பெட்ரோல் கியோஸ்க்ல கழுவிட்டு வரலாமே

ஈசூன் மாமா: அங்கேருந்துதான் வரேன். வரிசை ரோடு வரைக்கும் நிக்குது

உட்லண்ட்ஸ் அத்தான்: மலேசியா பக்கம் ஜேபி (ஜொகூர் பாரு) போய்க் கழுவுங்க மாமா. சீப்

சித்தி: வெள்ளிக்கிழமை ராத்திரி காஸ்வேயா 😱

பெரிய மாமா: காஸ்வே தாண்டணும்னா முக்கால் டேங்க் பெட்ரோல் வேணுமே, இருக்கா முதல்ல

குமார்: மாமா எங்கேயும் போக வேணாம். என்கிட்ட ஓஎன்ஆர் இருக்கு, ஆப்டிமம் நோ ரின்ஸ்னு கார் கழுவுற லிக்விட். ஹோஸ் வேணாம், கடைசியில அலசவும் வேணாம். 10 லிட்டர் தண்ணிக்கு 40 மில்லி லிக்விட், அவ்வளவுதான். நுரை வராது, வரலைன்னு கூட ஊத்திடாதீங்க. அழுக்கு வழுக்கிக்கிட்டு துண்டோட வந்துடும், பெயிண்ட்ல உரசாது.
எச்சத்தைச் சுரண்டவே கூடாது. அதே தண்ணியில நனைச்ச துண்டை மேல போட்டு சில நிமிஷம் ஊற விடணும், அப்புறம் மெதுவா எடுக்கணும்.
கூரையில ஆரம்பிச்சு கீழ வரணும். மைக்ரோஃபைபர் துண்டை நாலா மடிச்சா எட்டுப் பக்கம். ஒரு பக்கம் அழுக்கானா அடுத்த பக்கம். அழுக்குத் துண்டு திரும்ப வாளிக்குள்ள போகவே கூடாது. ஒரு கதவு முடிஞ்சதும் அதை உடனே காஞ்ச துண்டால துடைச்சிட்டு அடுத்த கதவு. வீல் கடைசி, அதுக்குத் தனித் துண்டு

பெரிய மாமா: 👍

உட்லண்ட்ஸ் அத்தான்: மண்ணு இருந்தா?

குமார்: சேறு மண்ணு ஒட்டியிருந்தா இது சரிவராது அத்தான், முதல்ல ஜெட் அடிக்கணும். மாமா கார்ல தூசியும் எச்சமும்தானே

ஈசூன் மாமா: வீட்ல பாத்திரம் கழுவுற சோப்பு இருக்கு

குமார்: வேண்டாம் மாமா!! பெயிண்ட் மேல இருக்கிற மெழுகு போயிடும்

ஈசூன் அத்தை: பெரியவ கல்யாணத்துக்கு அதைப் போட்டுத்தான் தேய்ச்சார். பானட்ல வட்டம் வட்டமா இன்னும் இருக்கு

ஈசூன் மாமா: அது பூவை டேப் வச்சு ஒட்டின ஆளுங்க வேலை. யாரு ஃபிரெண்டுங்கன்னு சொல்லல

உட்லண்ட்ஸ் அத்தான்: ஆரம்பிச்சுட்டாரு

பெரிய மாமா: இந்தப் பழைய காருக்கு சிஓஇ (கார் வச்சிருக்கிற உரிமம்) வேற புதுப்பிச்சான். அப்பவே சொன்னேன்

ஈசூன் மாமா: அண்ணே, நாளைக்குக் கார் வேணுமா வேணாமா

சித்தி: ரெண்டு பேரும் சும்மா இருங்க. நல்ல காரியம்

பாட்டி: 🎤 0:52

சித்தி: ஜாதிமல்லியை ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்றாங்க

குமார்: துண்டு கொஞ்சம் கம்மியா இருக்கு. யார்கிட்ட இருக்கு?

சித்தி: என்கிட்ட நாலு இருக்கு. சாஃப்ட்னர் போட்டுத் துவைச்சது பரவாயில்லையா?

குமார்: அது தண்ணியை உறிஞ்சாது சித்தி. வீலுக்கு ஆகும், கொண்டாங்க

சித்தி: பிடோக்லேருந்து இந்நேரத்துக்கா

ஈசூன் அத்தை: காலைல 5 மணிக்குக் கழுவலாமே

குமார்: அவசரத்துல ஈரத்தோட விட்டுடுவோம் அத்தை. இன்னைக்கே முடிப்போம். இப்ப ஓட்டிட்டு வந்ததால பானட் சூடா இருக்கும், ஆறட்டும். மரத்தடி வேணாம் மாமா, மல்டிஸ்டோரி கார்பார்க்ல போடுங்க

ஈசூன் மாமா: 10க்கு மேல வா. லாட் கிடைச்சா சொல்றேன்

உட்லண்ட்ஸ் அத்தான்: நானும் வரவா?

ஈசூன் மாமா: டேப் இல்லாம வாங்க

சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். தேக்காவுல மாலை சொன்னது யாரு? எத்தனை மணிக்கு எடுக்கணும்?

சித்தி: ஹலோ?