ஒரே டியூப் எல்லாருக்கும் ஆகுமா?

குழு: நம் வீட்டார்

மலர்: [படம்]
கடற்கரைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ள ஒரு பெரிய சன்ஸ்கிரீன் டியூப் வாங்கிவிட்டேன். வெயில் தடுப்பு எண் எஸ்பிஎஃப் 50. ஆறு பேருக்கும் இது ஆகும்தானே? கவிதா, நீ மருந்தியல் படித்தவள், பார்த்துச் சொல்லும்மா.

கவிதா: பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அத்தை. அங்கே பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

மலர்: [படம்]

கவிதா: வெயிலைத் தடுக்க அவோபென்சோன், ஹோமோசலேட், ஆக்டோக்ரைலீன், பென்சோஃபீனோன்-3. அப்புறம் ஆல்கஹால், வாசனைப் பொருள், வாசனைக்கே சேர்க்கும் லினலூல், லிமோனீன்.
மோசமான டியூப் இல்லை. ஆனால் நம் ஆறு பேருக்கும் ஆகாது.

நவீன்: எனக்கு ஆகுமா அக்கா? போன முறை அம்மாவின் கிரீமைப் போட்டதும் நெற்றி முழுக்கப் பரு.

கவிதா: உனக்கு ஆகும். ஆல்கஹால் இருப்பதால் சட்டென்று காயும், பிசுபிசுக்காது. அம்மாவுடையது வறண்ட தோலுக்கான கெட்டிக் கிரீம். எண்ணெய் வழியும் முகத்தில் அது அடைத்துக்கொண்டிருக்கும். வியர்வையோடு கண்ணில் இறங்கினால் இது எரியும், அதனால் கண்ணைச் சுற்றி மட்டும் சிங்க் ஆக்ஸைடு இருக்கும் ஸ்டிக் போட்டுக்கொள்.

நவீன்: எஸ்பிஎஃப் 100 வாங்கினால் இன்னும் நல்லதா?

கவிதா: 30 போட்டால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கப்படும். 50 என்றால் 98. அதற்கு மேல் கூடுவது கொஞ்சம்தான். அதுவும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்த கணக்கு. நாம் பாதிகூடத் தடவுவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போடு, தண்ணீரில் இருந்து வந்ததும் போடு.
அந்த எண் பெரும்பாலும் தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதாக் கதிரான யுவிபி பற்றித்தான் சொல்கிறது. யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிர் கண்ணாடி ஜன்னலையும் தாண்டி வரும். அதற்கு 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ, பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் கூட்டல் குறிகளோ இருக்கிறதா என்று பார்.

மலர்: நான் போடலாமா? மூன்று வருடம் முன்பு ஒன்று போட்டு, ஒரு மணி நேரத்தில் கன்னம் சிவந்து, நாலு நாள் அரிப்பு. அதிலிருந்து எதுவுமே போடுவதில்லை. எனக்கு சன்ஸ்கிரீனே ஒத்துக்கொள்ளாது என்று விட்டுவிட்டேன். இதுகூட உங்களுக்காகத்தான் வாங்கினேன்.

கவிதா: அத்தை, மூன்று வருடமா! என்னிடம் ஏன் சொல்லவில்லை? 'சன்ஸ்கிரீன்' என்பது ஒரே பொருள் இல்லை. ஒன்றில் இருபது முப்பது சரக்கு இருக்கும். அதில் ஏதோ ஒன்றுதான் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும். வாசனைப் பொருளாக இருக்கலாம். பென்சோஃபீனோன்-3 ஆகவும் இருக்கலாம், அதற்குத்தான் ஆக்ஸிபென்சோன் என்றும் பெயர். தோலில் ஒவ்வாமை தருவதில் பேர்போனது. 2014-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அந்தக் குடும்பத்தையே 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. எது என்று உறுதியாகத் தெரிய, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு பொருளையும் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும்.
இந்த டியூபில் இரண்டுமே இருக்கின்றன. நீங்கள் தொடவே வேண்டாம்.

மலர்: அப்போது எதைப் போடுவது?

கவிதா: வெயிலைத் தடுக்கும் சரக்காக சிங்க் ஆக்ஸைடு, அல்லது அதோடு டைட்டானியம் டைஆக்ஸைடு மட்டும் இருப்பது. வாசனை சேர்க்காதது. உங்கள் தோல் வறண்டது, அதனால் ஈரம் காக்கும் கிளிசரின், செராமைடு இருந்தால் நல்லது. ஆல்கஹால் பட்டியலின் முதல் வரிகளில் இருந்தால் வைத்துவிடுங்கள். சிங்க் யுவிஏ, யுவிபி இரண்டுக்கும் நிற்கும். டைட்டானியம் தனியாக இருந்தால் நீள அலை யுவிஏ-வில் கொஞ்சம் பலவீனம்.

சங்கரன்: காலையில் எனக்கு ஒரு ஃபார்வர்ட் வந்தது. சன்ஸ்கிரீன் ரசாயனம் ரத்தத்தில் கலக்கிறதாம், யாரும் போடாதீர்கள் என்று. அது நிஜமா?

கவிதா: பாதி நிஜம் பெரியப்பா. அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் போன்ற சில ரத்தத்தில் சேர்வதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-லும் 2020-லும் ஆய்வு செய்து வெளியிட்டது. சேர்கிறது என்பதால் கெடுதல் என்று ஆகாது, மேலும் சோதிக்க வேண்டும், அதுவரை போடுவதை நிறுத்தாதீர்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதியை ஃபார்வர்ட் செய்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

சங்கரன்: சரி. அப்படியென்றால் எனக்கு இந்த டியூபே போதும். எனக்குத் தோல் தொல்லை எதுவும் இல்லை. முட்டி வலிதான்.

கவிதா: முட்டிக்கு என்ன தடவுகிறீர்கள்?

சங்கரன்: ஒரு ஜெல். தினம் இரண்டு வேளை.

கவிதா: அதில் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறது? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.

சங்கரன்: கீட்டோப்ரொஃபென்.

கவிதா: கேட்டது நல்லதாயிற்று. அந்த ஜெல் போட்ட இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குத் தோல் வெந்ததுபோலக் கொப்புளித்துவிடும். நிறுத்தி இரண்டு வாரம் ஆகும் வரைகூட அந்த ஆபத்து உண்டு. கீட்டோப்ரொஃபென்னுக்கு அப்படி ஒவ்வாமை வந்தவர்களில் பலருக்கு ஆக்டோக்ரைலீனும் ஒத்துக்கொள்வதில்லை. மலர் அத்தையின் டியூபில் அது இருக்கிறது.
கடற்கரையில் முட்டியைத் துணியால் மூடியே வையுங்கள். ஜெல் தடவிய கையை நன்றாகக் கழுவுங்கள். முகத்துக்கு அத்தைக்குச் சொன்ன சிங்க் வகையே உங்களுக்கும். வேறு மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மலர்: அண்ணா, அரைக்கால் சட்டை வேண்டாம். வேட்டியே கட்டிக்கொண்டு வாருங்கள்.

சங்கரன்: சரிம்மா.

சுதா: கவிதா, எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு வந்திருக்கிறதே. சிங்க் கிரீம் ஒன்று போட்டுப் பார்த்தேன். என் நிறத்துக்குச் சாம்பல் பூசியதுபோல இருந்தது. வெட்கமாகி அழித்துவிட்டேன்.

கவிதா: அண்ணி, அது உங்கள் நிறத்தின் குறை இல்லை. கருநிறத்தை நினைக்காமல் செய்த கிரீமின் குறை. உங்களுக்கு வேண்டியது நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன். பட்டியலில் அயர்ன் ஆக்ஸைடு என்று இருக்கும். வெள்ளைப் பூச்சை அது மறைக்கும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. மங்கைக் கருக்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, நம் போன்ற நிறத்தில் இன்னும் அதிகம். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தை விட்டுவிடும், அயர்ன் ஆக்ஸைடு தடுக்கும். உங்கள் நிறத்துக்கு ஒத்துவரும் சாயலாகப் பார்த்து எடுங்கள், ஒன்று சரியில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

சுதா: இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. குட்டிக்கு? ஐந்து மாதம்தானே ஆகிறது.

கவிதா: குட்டிக்கு எதுவுமே வேண்டாம். ஆறு மாதம் வரை நிழல், தொப்பி, உடம்பை மூடும் மெல்லிய பருத்தி உடை. நடு வெயிலில் வெளியே எடுக்காதீர்கள்.

நவீன்: அப்படியென்றால் இந்தப் பெரிய டியூப் முழுக்க எனக்கா?

கவிதா: உனக்குத்தான். காரில் விட்டுவிடாதே, சூட்டில் கெட்டுப்போகும்.

மலர்: நான் புதிதாக ஒன்று வாங்குகிறேன். ஆனால் முகத்தில் போடப் பயமாக இருக்கிறது கவிதா.

கவிதா: முகத்தில் உடனே போடாதீர்கள் அத்தை. முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் காலையும் மாலையும் தடவுங்கள். ஏழு நாள். சிவந்தாலோ அரித்தாலோ அன்றே கழுவிவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

எட்டாம் நாள்

மலர்: [படம்]
கையில் ஒன்றும் இல்லை. இன்று முகத்தில் போட்டுக்கொண்டு மாடியில் துணி காயப்போட்டேன். இரண்டு மணி நேரம் ஆகிறது, அரிப்பே இல்லை!

சுதா: அத்தை, முகம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

கவிதா: பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது அத்தை. காது மடலுக்கும் பின்கழுத்துக்கும் போட்டீர்களா?

மலர்: இல்லையே. இதோ போடுகிறேன்.