குதிரைத் திடலுக்கு எந்த மணல் போடலாம்?

வணக்கம். காட்பாடியை அடுத்த எங்கள் நிலத்தில் 20 மீட்டருக்கு 40 மீட்டர் அளவில் குதிரையேற்றப் பயிற்சித் திடல் ஒன்று வைத்திருக்கிறேன். குதிரைகள் இரண்டு, பழக வரும் பிள்ளைகள் ஆறேழு பேர்.

ஐப்பசி மழையில் வடக்கு மூலையில் தண்ணீர் நின்று, அடியிலிருந்த செம்மண் சேறாகி மணலோடு கலந்துவிட்டது. வெயில் ஏறியதும் அந்த இடம் ஓடு போல இறுகிவிட்டது. பத்தடி தள்ளினால் குளம்பு முழுதாகப் புதைகிறது. நேற்று கிழட்டுக் குதிரையின் முன்னங்காலைத் தூக்கினேன். குளம்புக் குழியில் மண்கட்டி கல்லாக அப்பியிருந்தது.

தவறு என்னுடையதுதான். அடித்தளத்தை ரோலரால் இறுக்கவில்லை, சரிவும் வைக்கவில்லை. ஆழம் கூடினால் மெத்தென்று இருக்கும் என்று ஆறு அங்குலம் கொட்டினேன். அவ்வளவு ஆழம் காலின் தசைநாரைத்தான் பதம் பார்க்கும்.

எல்லாவற்றையும் வாரிவிட்டு, நூறடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, கிரஷர் தூளை நனைத்து இறுக்கி, மேலே மூன்று அங்குலம் மணல் போடலாம் என்றிருக்கிறேன். அந்த மணலுக்கே 21 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் நூறு கன அடி) மேல் வேண்டும். ஆற்றுமணல் உருண்டையானது, குளம்படியில் உருண்டு நழுவும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் முனையுள்ளது, பிடிப்பு உண்டு; ஆனால் தூசு குதிரையின் மூச்சுக்கு ஆகாது. கழுவிய எம்-சாண்ட் வேலூர் சுற்றுவட்டாரத்தில் எங்கே நம்பி வாங்கலாம்? தென்னை நார் கலந்து பார்த்தவர்கள் உண்டா, எத்தனை மாதத்தில் மக்குகிறது? அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் தெளிக்கிறீர்கள்?

வந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் இருந்தால் இன்னும் நல்லது. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.