மிமிக்ரி மேடையை மறந்தால்தான் நடிகனா? சிவகார்த்திகேயனை முன்வைத்து

திண்ணைவாசி:
2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தை நேற்று வீட்டில் மறுபடி பார்த்தேன். மேஜர் முகுந்த் வரதராஜனாக சிவகார்த்திகேயன் சும்மா நிற்கிற இடங்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. விஜய் டிவி 'கலக்கப் போவது யாரு' மேடையில் ஊரையே சிரிக்க வைத்த அந்தப் பையனைத் துடைத்துப் போட்ட பிறகுதான் இவர் நடிகர் ஆனார். 2012இல் 'மெரினா'வில் அறிமுகமாகி அடுத்த நாலைந்து வருடம் அவர் செய்தது 'அது இது எது' நிகழ்ச்சியில் செய்த அதே தொகுப்பாளர் வேலைதான். வசனம் சொல்வார், கவுண்டர் கொடுப்பார், நாம் சிரிக்க ஒரு நொடி விடுவார். மேடையில் நாலு கைதட்டல் வாங்கியதும் சினிமாவுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மேடைப் பழக்கம் நடிப்புக்கு உதவாது, இடைஞ்சல்தான்.

பலகுரல்:
அண்ணே, நான் 11 வருடமாகக் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, காலேஜ் விழா என்று மிமிக்ரி செய்கிறவன். நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிமிக்ரி என்றால் தொண்டை வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஒருவர் பேசும்போது எந்த எழுத்தை விழுங்குகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், யோசிக்கும்போது கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, இதையெல்லாம் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து மனசில் ஏற்றினால்தான் குரலே வரும். முகுந்த் நிஜமாக வாழ்ந்த மனிதர், 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிரை விட்டவர், அவருடைய வீட்டார் நம்மோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் வேஷத்தைப் போட இந்தக் கவனம் வேண்டாமா? அதை சிவகார்த்திகேயனுக்கு எந்த நடிப்புப் பள்ளி கொடுத்தது? மேடைதானே கொடுத்தது?

திண்ணைவாசி:
கவனிக்கத் தெரிவது வேறு, கவனித்ததைக் கேமரா முன்னால் அடக்கி வைப்பது வேறு தம்பி. நீங்கள் கேமரா முன்னால் நின்றதுண்டா? கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பலகுரல்:
ஒரு குறும்படத்தில் நின்றேன். அன்று நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன், அது உங்கள் பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை. டீக்கடைக்காரர் வேஷம், மொத்தம் மூன்று வரி. முதல் வரி சொன்னேன், நிறுத்தினேன். இயக்குநர் கட் சொல்லி, "ஏன் நிறுத்துறீங்க?" என்றார். எனக்கே தெரியவில்லை. மறுபடி சொன்னேன், மறுபடி அதே இடத்தில் நின்றேன். ஆறாவது டேக்கில்தான் புரிந்தது, சிரிப்பு வரட்டும் என்று என் உடம்பு தானாகக் காத்திருக்கிறது. மேடையில் சிரிப்பு ஏறி, பாதி இறங்கும்போது அடுத்ததைப் பிடிக்க வேண்டும், முழுக்க அடங்க விட்டால் கூட்டம் கையை விட்டுப் போய்விடும். அங்கேயோ லைட்மேன் முதல் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சவுண்டு பதிவாகிறது. அந்த அமைதியில் எனக்குக் கை நடுங்கியது. ஆனால் பத்தாவது டேக்கில் சரியாக வந்தது அண்ணே. பழக்கம்தானே, மாறும்.

காவேரி:
இரண்டு பேரும் 'டாக்டர்' படத்தை மறந்துவிட்டீர்களே! 2021 அக்டோபர், கொரோனா இரண்டாவது அலைக்குப் பிறகு எங்கள் குடும்பம் முதல் முறையாகத் தியேட்டருக்குப் போன படம். சிவகார்த்திகேயனுக்கு ஜோக்கே கிடையாது. கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ராணுவ டாக்டராக வருகிறார், சுற்றி யோகி பாபுவும் ரெடின் கிங்ஸ்லியும் அலறிக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா யாரைப் பார்த்துச் சிரித்தார் தெரியுமா? அலறுகிறவர்களை விட்டுவிட்டு அந்த இறுகின முகத்தைப் பார்த்து. எந்த நொடியில் சிரிப்பு வெடிக்கும் என்று தெரிந்தவரால்தான் அந்த நொடியில் ஒன்றும் செய்யாமல் இருக்க முடியும். மேடை துடைக்கப்படவில்லை திண்ணைவாசி சார், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் விவேக் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு மெட்ராஸ் ஹியூமர் கிளப்பில் பேசியவர், 1987இல் பாலசந்தர் படத்தில் அறிமுகமானார். அவர் எதைத் துடைத்தார்? மைக் பிடித்துப் பேசும் அதே வேகத்தோடு சினிமாவுக்குள் வந்து மூட நம்பிக்கையையும் லஞ்சத்தையும் வெளுத்து வாங்கினார், ஜனங்கள் அதற்காகவே அவரைச் சின்னக் கலைவாணர் என்றார்கள்.

திண்ணைவாசி:
விவேக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'டாக்டர்' என் கட்சிக்குத்தான் சாட்சி. அவர் வாயை மூடியதும் படம் ஜெயித்தது. மறுவருடம் 'பிரின்ஸ்' வந்தது, முதல் காட்சி தொடங்கிக் கடைசி வரை ஜோக், எடுபடவில்லை.

காவேரி:
அதே 2022இல் 'டான்' வந்ததே! முதல் பாதி முழுக்கக் காலேஜ் கலாட்டா, கடைசியில் அப்பாவை நினைத்து உடைந்து அழுகிறார். நிஜ வாழ்க்கையிலும் கல்லூரியில் படிக்கும்போதே தன் அப்பாவை இழந்தவர் சிவகார்த்திகேயன். சிரிக்க வைத்த அதே முகம் அழுதால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இரவுப்பணி:
எல்லாரும் ஜெயித்த ஒருவரையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். என் ஆதங்கம் வேறு. ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில், 46 வயதில் போய்விட்டார். உடம்பு முழுக்க வெள்ளி பெயின்ட் அடித்துக்கொண்டு ஊர் ஊராக மேடையில் ரோபோ மாதிரி ஆடியவர், பெயரே அதில் வந்ததுதான். டிவியில் ஐந்து நிமிடத்தில் அரங்கத்தை அள்ளுவார். சினிமா அவருக்குக் கொடுத்தது என்ன? ஹீரோவுக்குப் பக்கத்தில் ஒரு இடம், பத்து நாள் கால்ஷீட். முழுப் படத்தையும் தூக்கிச் சுமக்கும் வேஷம் அவருக்கு அரிதாகத்தான் கிடைத்தது. சினிமாவுக்கு மேடை ஆள் தேவை, ஆனால் ஒரு கரண்டி அளவுக்குத்தான் தேவை. மேடைக்கு அந்த ஆள் முழுசாக நஷ்டம். இதைப் பேசாமல் யார் நல்ல நடிகர் என்று பேசி என்ன பயன்?

பலகுரல்:
அந்த ஒரு கரண்டியிலும் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்' படத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கதையை ஆரம்பிப்பாரே, அது சுத்தமான மேடைக் கணக்கு. ஒரே வரியைத் திரும்பச் சொல்லும்போது எத்தனையாவது தடவை சிரிப்பு வரும், எத்தனையாவது தடவை கடுப்பாகும் என்பது ஊர் ஊராக நின்று பேசியவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் நண்பரே, மேடைக்கு நஷ்டம் என்று சொல்லும்போது எங்கள் வயிற்றையும் கொஞ்சம் பாருங்கள். திருவிழா மாதங்கள் முடிந்தால் புக்கிங் கிடையாது. மழை வந்தால் அன்றைய நிகழ்ச்சி ரத்து, வண்டிச் செலவு எங்கள் தலையில். கொரோனா சமயத்தில் திருவிழாவே இல்லாமல் நான் காய்கறி வண்டி தள்ளினேன். சீரியலில் மாதம் எட்டு நாள் வேலை என்றால்கூட வாடகை கொடுத்துவிடலாம். ஆசைப்பட்டு ஓடுகிறோம் என்று திண்ணைவாசி அண்ணன் எழுதியதுதான் எனக்கு உறுத்தியது.

திண்ணைவாசி:
'ஓடும் பிள்ளைகள்' என்று எழுதியது தப்பு தம்பி, மன்னிக்கவும். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாது. ஆனால் மற்றதில் நான் மாறவில்லை. ஆறாவது டேக் வரை உங்களைத் தடுத்து நிறுத்தியது எது என்று நீங்களேதான் சொன்னீர்கள்.

பலகுரல்:
பத்தாவதில் சரியாகச் சொல்ல வைத்ததும் மேடையில் பழகிய அதே காதுதான் அண்ணே. அந்த இயக்குநர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இந்தத் தடவை ஏடிஎம் வாட்ச்மேன், வசனமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷூட்டிங். முடித்துவிட்டு வந்து எத்தனை டேக் என்று உள்ளபடியே எழுதுகிறேன்.