லீ ஜே. காப்: அந்த 20 பெயர்களைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பார்க்க முடியுமா?

பழையரீல்:
நேற்று இரவு '12 ஆங்ரி மென்' மறுபடி பார்த்தேன். 1957 படம், ஒரே அறை, அப்பனைக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு, 12 ஜூரிகள். எல்லோரும் ஹென்றி ஃபோண்டாவைத்தான் புகழ்கிறார்கள், எனக்கோ அந்தப் படமே மூன்றாம் ஜூரியாக வரும் லீ ஜே. காப்தான். கடைசி வரைக்கும் 'குற்றவாளிதான்' என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், மகனோடு எடுத்த போட்டோவைப் பார்த்ததும் கிழித்துப்போட்டு அப்படியே மேசையில் கவிழ்ந்து அழுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கிறது. அப்போது அவருக்கு 45 வயதுதான். இளம் வயதிலிருந்தே அவரைக் கிழவனாக்கியே வைத்திருந்தார்கள். 1939இல் 'கோல்டன் பாய்' படத்தில் தன்னைவிட ஏழு வயதுதான் சின்னவரான வில்லியம் ஹோல்டனுக்கு அப்பா. 'மேன் ஆஃப் தி வெஸ்ட்'டில் தன்னைவிடப் பத்து வயது மூத்த கேரி கூப்பருக்குச் சித்தப்பா முறை! இரண்டு முறை ஆஸ்கர் பரிந்துரை, ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. ஹாலிவுட்டின் துணை நடிகர்களில் இவருக்கு மேல் யாரும் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கடைசிவரிசை:
நடிப்பை நான் மறுக்கவில்லை நண்பரே. ஆனால் 1953 ஜூன் 2ஆம் தேதியை விட்டுவிட்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள்' என்ற பெயரில் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய நாடாளுமன்றக் குழு முன்னால் அன்று 20 பேரின் பெயரைச் சொன்னார். கூட நாடகம் போட்டவர்கள், கூடச் சாப்பிட்டவர்கள். அப்படிப் பெயர் அடிபட்டவனுக்கு அதன்பிறகு ஸ்டுடியோ கதவு திறக்காது. கிழித்த போட்டோவைப் பார்த்து அழுகிற காட்சியை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்த 20 பேர்தான் ஞாபகம் வருகிறார்கள்.

பழையரீல்:
சரி, அதையும் பேசிவிடுவோம். அவர் பெயரையே இன்னொருவர்தான் அந்தக் குழுவிடம் சொன்னார், 1951இல், நடிகர் லாரி பார்க்ஸ். அதன்பிறகு இரண்டு வருடம் காப் வாயே திறக்கவில்லை. வேலை இல்லை, கடன், இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவி ஹெலன் பெவர்லி மருத்துவமனையில். பெவர்லியும் சாதாரண ஆள் இல்லை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி நாடகத்திலும் படத்திலும் பேர் வாங்கியவர். அந்த நிலையில் இருக்கிறவனை ஒரு அரசாங்கமே சேர்ந்து நெரித்தால் என்ன செய்வான்? சோறும் சம்பளமும் பத்திரமாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்பு எழுதுவது சுலபம்.

நாடகமேடை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இவரைப் பேசும்போது நாடகத்தை விட்டுவிட்டால் பாதி ஆள்தான் கிடைப்பார். 1935இல் நியூயார்க்கின் குரூப் தியேட்டர் என்ற நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1949 பிப்ரவரி 10, ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் முதல் நாள், அதன் நாயகன் வில்லி லோமன் இவர்தான். பாத்திரத்துக்கு 63 வயது, இவருக்கு 37. மில்லர் மனதில் வைத்து எழுதியது ஒரு குள்ளமான ஆளை. வில்லியை ஒருத்தன் 'இறால்' என்று கேலி செய்ததாக ஒரு வரி இருந்ததாம், இந்த மலை மாதிரி உடம்பைப் பார்த்ததும் அதை 'வால்ரஸ்' (தந்தம் நீட்டிய பெரிய கடல் விலங்கு) என்று மாற்றிவிட்டார்கள். ஒரு நடிகனுக்காக எழுத்தாளன் வரியை மாற்றுவது சின்ன விஷயம் இல்லை.

கடைசிவரிசை:
அதே மில்லரை 1956இல் அதே குழு கூப்பிட்டது. அடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார், அவமதிப்பு வழக்கில் தண்டனையும் வந்தது, 1958இல்தான் மேல்முறையீட்டில் ரத்தானது. ஆக, முடியாது என்று சொல்லவும் வழி இருந்தது. குரூப் தியேட்டரிலேயே உதாரணம் இருக்கிறது. 'கோல்டன் பாய்' 1937இல் மேடையேறியபோது அந்த அப்பா வேஷம் மோரிஸ் கார்னோவ்ஸ்கிக்கு, காப்புக்குச் சின்ன வேஷம். படமானபோது அப்பா வேஷம் காப்புக்கு வந்தது. 1951இல் கார்னோவ்ஸ்கியைக் குழு கூப்பிட்டது, அவர் ஒத்துழைக்கவில்லை. சினிமா கைவிட்டுப் போனது. மேடைக்குத் திரும்பி, 1963இல் கனெக்டிகட் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்றார். காப்பும் 1968இல் லியர் நடித்தார். இரண்டு லியர்களில் எந்த லியரை நான் மதிப்பேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழையரீல்:
எல்லோருக்கும் ஒரே உடம்பு, ஒரே நெஞ்சுரம் இல்லையே சார். நடிகர் ஜான் கார்ஃபீல்டைப் பாருங்கள். 1952 மார்ச்சில் 'கோல்டன் பாய்' மறுபடி மேடையேறியபோது கார்ஃபீல்ட் மகன், காப் அப்பா. கார்ஃபீல்டும் குழு முன்னால் யார் பெயரையும் சொல்லாதவர்தான். மே 21ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார், 39 வயதில். தினமும் மேடையில் மகனாக நடித்தவனின் சாவைப் பார்த்த மனுஷனுக்கு அடுத்த வருடம் என்ன தோன்றியிருக்கும்?

கடைசிவரிசை:
எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. கார்ஃபீல்ட் எதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் காப். பார்த்த பிறகும் சொன்னார்.

நாடகமேடை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' (1954) பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயக்குநர் எலியா கசான், எழுதியவர் பட் ஷூல்பர்க், இருவருமே அந்தக் குழு முன் பெயர் சொன்னவர்கள். படத்தில் பிராண்டோ சாட்சி சொல்லி நாயகன் ஆகிறார். யாருக்கு எதிராக? துறைமுக ரவுடித் தலைவனாக வரும் காப்புக்கு எதிராக. காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர், காட்டிக்கொடுக்கப்படுகிறவனாக வந்து நிற்கிறார். 'துரோகி' என்று அவர் கத்துவதைக் கேட்டால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பயமாகவே இருக்கும். அடுத்த வருடமே, 1955இல், பெரிய மாரடைப்பு. அவ்வளவாகப் பழக்கமே இல்லாத பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ஆஸ்பத்திரிச் செலவை ஏற்று, உடம்பு தேறும்வரை பார்த்துக்கொண்டார். அப்புறம் 1963இல் ஒரு படத்தில் அந்த சினாட்ராவுக்கே அப்பாவாக நடித்தார், இருவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.

பழையரீல்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்த மாரடைப்பிலிருந்து எழுந்து வந்தவர்தான் மூன்றாம் ஜூரி. அந்த அழுகையில் நடிப்பு மட்டும் இல்லை. கடைசிவரிசை, 1966இல் தொலைக்காட்சிக்காக மறுபடி வில்லி லோமனாக வந்தார், 1949இல் மனைவியாக நடித்த மில்ட்ரெட் டன்னக்கே மறுபடி ஜோடி. பத்து வருடம் கழித்து, 64 வயதில், இன்னொரு மாரடைப்பில் செத்தும்போனார். அந்த 1966 பதிவை ஒரு தடவை பாருங்கள், பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

கடைசிவரிசை:
பார்த்திருக்கிறேன். அழுதும் இருக்கிறேன். காப் பெரிய நடிகர் என்பதை முதல் பதிவிலேயே ஒத்துக்கொண்டேனே. ஆனால் காப்பைப் பாருங்கள் என்று சொல்ல உங்களிடம் மூன்றாம் ஜூரி இருக்கிறது, வாட்டர்ஃப்ரண்ட் இருக்கிறது, 'தி எக்ஸார்சிஸ்ட்' போலீஸ்காரர் இருக்கிறார். 1951க்குப் பிறகு அந்த ஐம்பதுகளில் கார்னோவ்ஸ்கி நடித்த ஹாலிவுட் படம் என்று நான் உங்களுக்கு எதைக் காட்டுவது?