உதவி தேவை: கிளினிக் நேரத்தை ஊழியர் சரியாக மாற்றிய பின்னரும் நோயாளிகளுக்குப் பழைய நேரமே தெரிகிறது (வேர்ட்பிரஸ்)

மூன்றாம்மாடி எழுதியது:

வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றுகிறேன். பிரிவு என்று பெயர்; உண்மையில் நானும் ஒரு பயிலுநரும் மட்டுமே. எங்கள் இணையத்தளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளுக்கும் பொலிலாங் செருகுநிரலைப் பயன்படுத்துகிறோம். கிளினிக் நேரமாற்றம் ஒவ்வொன்றும் எனக்கு வட்ஸ்அப்பில்தான் வரும். நான் லீவில் நின்றால் அது அப்படியே கிடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவராகப் பதினொரு பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு சனிக்கிழமை முழுநாளும் பயிற்சி கொடுத்து, எல்லோருக்கும் எடிட்டர் என்ற பயனர் நிலையில் கணக்குத் திறந்து கொடுத்தேன்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். தோல்நோய்க் கிளினிக் செவ்வாய் பின்னேரம் 4 மணியிலிருந்து வியாழன் பின்னேரம் 4 மணிக்கு மாற்றப்பட்டது. பொறுப்பான சிஸ்டர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே பக்கத்தைத் திறந்து, திருத்தி, சேமித்து, தளத்தில் தெரிகிறதா என்றும் பார்த்திருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை மட்டக்குளியிலிருந்து வயதான ஓர் அம்மாவை மகள் ஓட்டோவில் அழைத்து வந்துவிட்டார். கவுண்டரில் இரண்டு தொலைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சிஸ்டரின் திரையில் வியாழன், மகளின் திரையில் செவ்வாய். அந்த மகள் கோபப்படவில்லை, "அப்ப எதை நம்பிறது?" என்று மட்டும் கேட்டார். சிஸ்டர் அன்று மாலை அதே பக்கத்தை மேலும் ஆறு தடவை சேமித்திருப்பதைத் திருத்த வரலாற்றில் கண்டேன்.

பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைத்து விரைவாகக் காட்டும் கேஷ் செருகுநிரலை முழுதாகத் துடைத்துவிட்டேன், மாற்றமில்லை. இதற்குக் காரணம் என்னவாக இருக்கும்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பயிற்சி பெற்ற பதினொரு பேரில் மூவரே அதன் பிறகு உள்நுழைந்துள்ளனர். மற்றவர்கள் பழையபடி வட்ஸ்அப்பில் அனுப்புகின்றனர். அந்த மூவரில் ஒருவர் வெளிநோயாளர் பிரிவுக்கான தமிழ் அறிவித்தலைப் பதிவேற்றியபோது முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்துவிட்டது. இரண்டாவது பயிற்சி வைக்குமாறு பணிப்பாளர் சொல்கிறார். முதலாவதில் எங்கே பிழைத்தேன் என்று தெரியாமல் இரண்டாவதை வைக்க மனம் ஒப்பவில்லை.

வத்தளைவாசி எழுதியது:

கேஷைத் துடைத்தும் மாறவில்லை என்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். ஆனாலும் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான கேஷ் செருகுநிரல்கள், உள்நுழைந்திருக்கும் பயனருக்குச் சேமித்துவைத்த பிரதியைக் காட்டாமல் பக்கத்தைப் புதிதாக உருவாக்கியே காட்டும். ஆகவே சிஸ்டர் தன் கணக்கில் நின்றுகொண்டு பார்ப்பது நோயாளி பார்க்கும் தளம் அன்று. உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தீர்களா தெரியவில்லை, நானும் என் முதல் பயிற்சியில் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி. அன்று கவுண்டரில் இருந்த இரண்டு தொலைபேசிகளிலும் பக்கம் எந்த மொழியில் திறந்திருந்தது?

மூன்றாம்மாடி எழுதியது:

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சிஸ்டர் பார்த்தது ஆங்கிலப் பக்கம். அந்த மகள் பார்த்தது தமிழ்ப் பக்கம். மறைநிலைச் சாளரத்தில் இப்போதுதான் மூன்றையும் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் வியாழன், சிங்களத்திலும் தமிழிலும் இன்னும் செவ்வாய். நேரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் மொழி கண்ணில் படவில்லை.

வத்தளைவாசி எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை, மும்மொழித் தளம் நடத்தும் எல்லோரும் ஒருமுறையாவது இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். பொலிலாங்கில் ஒரு பக்கத்தின் மூன்று மொழி வடிவங்களும் மூன்று தனித்தனிப் பக்கங்கள். அவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்று இணைக்கப்பட்டிருக்குமே தவிர, ஒன்றின் உடலில் செய்யும் திருத்தம் மற்றதற்குத் தானாகப் போகாது. சிஸ்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். ஒரே நேரத்தை மூன்று இடங்களில் மாற்றவேண்டிய விதமாகத் தளத்தைக் கட்டியது நீங்கள். முகப்புப் பக்கத்து அட்டவணை, விசேட வைத்திய நிபுணரின் சுயவிபரப் பக்கம் ஆகியவற்றிலும் அதே நேரம் இருக்குமானால் மூன்று மூன்றாகப் பெருக்கிக்கொள்ளுங்கள்: ஒன்பது இடங்கள். எந்தப் பயிற்சியாலும் ஒரு தாதி உத்தியோகத்தரை ஒன்பது இடங்களை ஞாபகம் வைத்திருக்கச் செய்ய முடியாது.

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு கிளினிக்கையும் சாதாரணப் பக்கமாக வைக்காமல் தனியான பதிவு வகையாக (தனக்கென்று ஒரு பட்டியலும் படிவமும் கொண்ட உள்ளடக்க வகை) மாற்றினேன். கிழமையையும் நேரத்தையும் பக்கத்தின் உடலில் எழுதாமல் தனிப் புலங்களில், அதாவது நிரப்பும் பெட்டிகளில், வைத்தேன். கிழமையைச் சொல்லாக அன்றி 1 முதல் 7 வரையான எண்ணாகச் சேமித்தால், பக்கத்தின் தோற்றத்தை உருவாக்கும் வார்ப்புரு அந்தந்த மொழியில் வியாழன் என்றோ அதன் சிங்கள, ஆங்கிலப் பெயராகவோ அச்சிட்டுக்கொள்ளும். பொலிலாங்கின் அமைப்புகளில் ஒத்திசைவு என்ற பகுதியில் தனிப் புலங்களைத் தெரிவுசெய்தால், ஒரு மொழியில் மாற்றிய எண் மற்ற இரண்டுக்கும் போய்விடும். முகப்பு அட்டவணையும் வைத்தியரின் பக்கமும் அதே புலத்திலிருந்து எடுத்துக் காட்டட்டும். ஊழியருக்குத் தெரிவது ஒரு படிவம் மட்டும்: கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அறை இலக்கம்.

பயனர் நிலைகளைப் பற்றியும் ஒரு சொல். எடிட்டர் நிலையிலுள்ளவர் தளத்தின் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பது ஓர் ஆறுதல்தான், அதற்காகப் பதினொரு பேரிடம் அந்தச் சாவியைக் கொடுக்கத் தேவையில்லை. அதற்காக ஒரேயடியாகக் கொன்ட்ரிபியூட்டர் நிலைக்கு இறக்கிவிடவும் வேண்டாம். அந்த நிலையில் படம் பதிவேற்ற முடியாது, தான் எழுதியது பிரசுரமான பின் அதைத் திருத்தவும் முடியாது, பக்கங்கள் கண்ணிலேயே படமாட்டா. தனிப் பதிவு வகையாக்கினால், அதை மட்டும் திருத்தக்கூடிய ஒரு புதிய நிலையை உருவாக்கிக் கொடுக்கலாம். அவர்கள் உள்நுழைந்ததும் இடது பக்கப் பட்டியலில் கிளினிக்குகள் என்ற ஒரு வரி மட்டும் இருக்கும்.

எழுத்துரு_ஆள் எழுதியது:

அந்த வெளிநோயாளர் அறிவித்தலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. எங்கள் அலுவலகங்களில் பழைய தமிழ்ச் சுற்றறிக்கைகள், கடிதங்கள், படிவங்கள் பெரும்பாலும் பாமினியில்தான் கிடக்கின்றன. தமிழ் என்ற சொல்லைப் பாமினியில் தட்டினால் கோப்பினுள் உண்மையில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றின் மீது தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவே. வேர்ட் கோப்பிலிருந்து தளத்துக்கு ஒட்டும்போது போர்வை கழன்றுவிடுகிறது. இதே காரியம் எஃப்எம் அபய எழுத்துருவில் தட்டிய சிங்களக் கடிதங்களுக்கும் நடக்கும். உங்கள் சிங்கள ஊழியர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

தளத்தில் பாமினி எழுத்துருவையே ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பார்வைக்குத் தமிழாக இருக்கும்; கூகுளில் தேடினால் அகப்படாது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதை உளறலாகவே வாசிக்கும்.

எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் தாராளமாக உள்ளன. ஆனால் மாற்றி முடித்த பின் ஒரு தடவை கண்ணால் வாசிக்க வேண்டும், ஏனென்றால் கருவிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஈ.சி.ஜி. என்ற சுருக்கம் மாற்றத்தின் பின் "நுஊபு" என்று வந்துநிற்கும். நான் ஓர் அறிவித்தலில் "நுஊபு அறை, இரண்டாம் மாடி" என்று இருந்ததைச் சுவரில் ஒட்டப்பட்ட நிலையிலேயே பார்த்திருக்கிறேன். மருந்துப் பெயர்கள் இருக்கும் அறிவித்தல் என்றால் இரட்டைக் கவனம் வேண்டும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் கணினி ஆள் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள். கடைசிக் காலத்தில் எங்கள் வைத்தியசாலையில் வைத்த இப்படியான ஒரு பயிற்சியில் நானும் இருந்தேன் என்பதால் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு முகப்புப் பலகை, பிறகு பட்டியல்கள், பிறகு படத்தைச் சேர்ப்பது, பிறகு வகைகள், குறிச்சொற்கள் என்று பின்னேரம் நாலு மணி வரை போயிற்று. பாடம் எடுத்த பிள்ளை நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னது. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: டொக்டர் வரமாட்டார் என்று காலை ஆறரைக்கு அழைப்பு வந்தால் அதை எங்கே போடுவது? அது அன்று முழுவதும் வரவில்லை. மூன்று கிழமை கழித்து அந்த அழைப்பு வந்தபோது, இரவு வேலை முடிந்த கண்ணோடு, எனக்கு ஞாபகத்தில் இருந்தது குறிச்சொல் மட்டும்தான். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். உங்கள் எட்டுப் பேரும் சோம்பேறிகள் என்று நினைக்க வேண்டாம்.

முழுநாள் வேண்டாம், தம்பி. முதலில் வட்ஸ்அப்பில் உங்களுக்கு இதுவரை வந்த செய்திகளை எல்லாம் எடுத்து, யார் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் பாடத்திட்டம் அதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு ஒவ்வொருவரையும் அவருடைய வார்டுக் கணினியிலேயே, அவருக்கு வந்த பழைய செய்தியை வைத்தே, அரை மணித்தியாலம் செய்யவிடுங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் தொடாதீர்கள். பிழை விட்டால் யாருக்கும் தெரியாத ஒரு பயிற்சித் தளம் வேண்டும். உண்மைத் தளத்தில் கை வைக்கச் சொன்னால் அனுபவமுள்ள தாதியே அதிகம் பயப்படுவார், ஏனென்றால் பிழையான நேரம் போட்டால் கவுண்டரில் யார் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

வார்டுக் கணினி பொதுக் கணினி என்பதையும் மறவாதீர்கள். ஒருவர் உள்நுழைந்து விட்டுப் போனால் அடுத்த முறை வேலைக்கு வருபவர் அவர் பெயரிலேயே எழுதிவிடுவார். கடவுச்சொல்லைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதும் உண்டு. படங்களைப் பற்றியும் எச்சரியுங்கள். எங்களில் ஒருவர் புதிய கட்டில்களைப் படம் எடுத்துப் போட்டார். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய பெட்ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு அட்டை) நோயாளியின் பெயர் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தகவல் விசேட வகையைச் சேர்ந்தது என்று பிறகு எங்கள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரங்களின் பின் வந்து எழுதுகிறேன்.

சிஸ்டர் அம்மா சொன்னபடி வட்ஸ்அப் செய்திகளைப் பிரித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கின: கிளினிக் நேரம் மாறியது, இன்று வைத்தியர் இல்லை, போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறை) கிளினிக் இல்லை. நான் அந்தச் சனிக்கிழமை பாதி நாளைச் செலவிட்ட படத்தொகுப்பையும் பக்க வடிவமைப்பையும் எவரும் ஒருபோதும் கேட்டதில்லை. வத்தளைவாசி சொன்ன விதமாகக் கிளினிக்குகளைத் தனிப் பதிவு வகையாக்கி, எண்களை ஒத்திசையவிட்டேன்; ஒத்திசைவு பழைய பதிவுகளில் வேலை செய்யத் தொடங்குவதற்கு ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து சேமிக்க வேண்டியிருந்தது. பயிற்சித் தளத்தின் மேற்பட்டையைச் சிவப்பாக்கியிருக்கிறேன். இப்போது பதினொரு பேரில் எட்டுப் பேர் தாமாகவே திருத்துகின்றனர். மருந்தகத்திலிருந்து மட்டும் இன்னும் வட்ஸ்அப் வருகிறது. அவர்களுக்கு மாற்ற வேண்டியது வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்று மாத்திரம் விளங்கவில்லை. போயா தின அறிவித்தலை முந்தைய நாளே எழுதி, காலை 6 மணிக்குத் தானாக வெளிவரும்படி வைத்தார் தோல்நோய்ப் பிரிவுச் சிஸ்டர். அது முற்பகல் 11.30க்குத்தான் வெளிவந்தது. தளத்தை எவரும் திறக்காமல் இருந்தால் நேரமிட்ட பதிவுகள் தாமதிக்கும் என்று வாசித்தேன், அதுவாக இருக்குமா?

வத்தளைவாசி எழுதியது:

வருகையாளர் இன்றித் தாமதித்தால் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவில் இருக்கும். உங்களுடையது சரியாக ஐந்தரை மணித்தியாலம். தளத்தின் நேர வலயம் கிரீன்விச் கணக்கிலேயே இருக்கிறது, இலங்கை நேரம் அதைவிட அவ்வளவு முன்னே. பொது அமைப்புகளில் நேர வலயப் பட்டியலைத் திறந்து, ஆசியாவின் கீழ் கொழும்பைத் தெரிவுசெய்து சேமியுங்கள். ஏற்கெனவே நேரமிட்டு வைத்துள்ள அறிவித்தல்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து நேரத்தைச் சரிபாருங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

அதுவேதான். மாற்றிவிட்டேன். நேரமிட்டபடி இரண்டு அறிவித்தல்கள் காத்திருந்தன, அவற்றையும் சரிசெய்தாயிற்று. சிஸ்டரிடம் பிழை அவருடையது அன்று என்று மேலே போய்ச் சொன்னேன். அவர் அதற்குள் அறிவித்தலை நள்ளிரவு 12.30க்குப் போட்டால் 6 மணிக்கு வருமென்று தானே கணக்குப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த வரியை வெட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.