ஏ.என்.ஏ. பாசிட்டிவ், லூபஸ்னு சொல்றாங்க. மூட்டு, முகம், கிட்னி எல்லாம் ஒரே வியாதியா?

மோல்மீன்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு 23 வயசு. போன மழைக்காலத்துல விரல் மூட்டெல்லாம் வலிக்குதுன்னு ஆரம்பிச்சா, காலைல எந்திரிச்சா கைய மடக்க முடியாது, ஒரு மணி நேரம் ஆகும். இங்க கிளினிக்ல சிக்குன்குனியா வந்துட்டுப் போன வலியா இருக்கும், சில மாசம் இழுக்கும்னாங்க, எங்க தெருவுல நிறைய பேருக்கு அப்படி இருந்துச்சு அதனால நம்புற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் முடி கொட்ட ஆரம்பிச்சது, மேல் அண்ணத்துல புண்ணு, ஆனா வலியே இல்லங்கிறா. ரெண்டு கன்னத்துலயும் மூக்குத் தண்டு மேலயும் செவப்பா தடிச்சிருந்தத தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி மறைச்சிருக்கா, நம்ம பர்மால எந்தப் பொண்ணு கன்னத்துல தனக்கா இல்லாம இருக்கு, அதனால அம்மா கண்ணுக்கே படல.

இப்ப ரங்கூன்ல காட்டியாச்சு. ஏ.என்.ஏ.ங்கிற ரத்த டெஸ்ட் 1:640, டி.என்.ஏ.வுக்கு எதிரான டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி ரொம்ப அதிகம், சி3 சி4ங்கிற ரத்தப் புரோட்டீன் ரெண்டும் கம்மி, யூரின்ல புரோட்டீன் ரெண்டு ப்ளஸ். லூபஸ், கனெக்டிவ் டிஷ்யூ, அதாவது இணைப்புத் திசு வியாதின்னு சயாமா (லேடி டாக்டர்) சொன்னாங்க, பர்மியப் பேச்சுல கடகடன்னு சொன்னதுல எனக்குப் பாதிதான் ஏறுச்சு, அம்மாவுக்கு ஒன்னுமே ஏறல. பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின்ங்கிற மலேரியா மாத்திரையும் குடுத்திருக்காங்க. கிட்னில ஊசி போட்டு பயாப்சி, அதாவது சின்னத் துணுக்கு எடுத்துப் பாக்கணுமாம்.

எனக்குப் புரியாதது இதுதான். எங்க பெரியம்மாவுக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, அதுவும் உடம்பே உடம்ப தாக்குற வகைதான்னாங்க, ஆனா அவங்களுக்குக் கழுத்தோட சரி, ஒரு மாத்திரைல ஓடுது. இவளுக்கு மட்டும் ஏன் மூட்டு முகம் முடி கிட்னின்னு ஊர் சுத்துது? மலேரியா மாத்திரை எதுக்கு, அவளுக்கு மலேரியாவே இல்லையே. ஒட்டுமான்னு வேற சொந்தக்காரங்க கேக்குறாங்க, தட்டு டம்ளர தனியா வைக்கணுமான்னு அத்தை நேராவே கேட்டாச்சு.

பழைய_லேப்காரர்:

ஒட்டாதும்மா. தட்டு டம்ளர் எல்லாம் ஒன்னாவே இருக்கட்டும், அத்தைகிட்ட முதல்ல அத சொல்லிடு.

நான் டாக்டர் இல்ல, ரிட்டயர் ஆகுற வரைக்கும் லேப்ல ஸ்லைடு பாத்தவன், அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன். மனுஷ உடம்புல எந்த இடத்த வெட்டி மைக்ராஸ்கோப்ல வச்சாலும் மொத்தமே நாலு வகைத் திசுதான். மேல போர்த்தியிருக்கிற எபிதீலியம், அதாவது தோல் மேற்பரப்பு, குடல் உள்பக்கம், இந்த மாதிரி. அடுத்தது தசை, அடுத்தது நரம்பு. நாலாவது இணைப்புத் திசு, செங்கலுக்கு நடுவுல சிமெண்ட் மாதிரி எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கிறது, கொலாஜன் நார், குருத்தெலும்பு, எலும்பு, தசைநாண், கொழுப்பு, ரத்தத்தக்கூட இதுலதான் சேக்குறாங்க.

இந்த நாலுல எதையும் எதிர்ப்பு சக்தி விட்டு வைக்கிறதில்ல. பெம்ஃபிகஸ்னு ஒன்னு, தோல் செல்ல ஒன்னோட ஒன்னு ஒட்ட வைக்கிற டெஸ்மோக்ளீன்ங்கிற புரோட்டீன குறி வைக்கும், உடம்பெல்லாம் கொப்புளமா கழண்டு வரும். மயஸ்தீனியா நரம்பும் தசையும் சேர்ற இடத்துல உக்காந்துக்கும், சாயங்காலம் ஆனா இமை தொங்கும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ல மூளை, தண்டுவட நரம்பு மேல இருக்கிற மயலின் உறை போகும், அது குளிர் நாட்டுல அதிகம், நம்ம பக்கம் கம்மி. குறி எந்த ஊர்ல இருக்கோ வியாதி அந்த ஊர்லதான். உங்க பெரியம்மாவுக்கு எதிரியா தெரியறது தைராய்டுல மட்டும் இருக்கிற புரோட்டீன், அது முழங்கால்ல கிடையாது, கிட்னில கிடையாது, அதான் கழுத்தோட நின்னுச்சு.

லூபஸ்ல குறியே செல்லோட உட்கரு. டி.என்.ஏ., அத சுத்தியிருக்கிற புரோட்டீன். அதுக்கு எதிரான ஆன்டிபாடியத்தான் ஏ.என்.ஏ. டெஸ்ட் காட்டுது. உட்கரு இல்லாத திசு உடம்புல எது? முதிர்ந்த சிவப்பணுவுல இல்ல, அதையும் வேற ஆன்டிபாடி வச்சு லூபஸ் சில பேருக்கு உடைக்கும் அது வேற கதை. செல்லு தினமும் செத்துக்கிட்டேதான் இருக்கும், அந்தக் கழிவு சரியா அள்ளப்படாம கிடந்து வெளிய வந்த டி.என்.ஏ. மேல ஆன்டிபாடி போய் ஒட்டி, ரெண்டும் சேர்ந்த கட்டி ரத்தத்துல மிதந்து போய் வடிகட்டுற இடமா பாத்து தேங்கும். கிட்னியோட க்ளோமெருலஸ் வடிகட்டுற இடம்தானே. அந்தக் கட்டி காம்ப்ளிமென்ட்ங்கிற எதிர்ப்பு சக்திப் புரோட்டீன இழுத்து செலவழிக்கும், அதான் ரிப்போர்ட்ல சி3 சி4 கம்மி. யூரின்ல புரோட்டீன் ரெண்டு ப்ளஸ்ஸும் அதே கதையோட அடுத்த பக்கம். தனித்தனியா நாலு வியாதி வந்துடுச்சுன்னு நினைக்காத, உன் பேப்பர்ல இருக்கிறது எல்லாம் ஒரே நூல்தான்.

இணைப்புத் திசு வியாதின்னு இத சேத்தது 1942ல, க்ளெம்பரர்னு ஒரு நோய்க்குறியியல்காரர், செத்தவங்க திசுவப் பாத்துட்டு கொலாஜன்லதான் கோளாறுன்னு எழுதினார். அப்ப ஏ.என்.ஏ. மாதிரி ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாம் இல்ல. உடம்பு தன்னையே தாக்கும்ங்கிறதயே ரொம்ப காலம் பெரிய ஆளுங்க ஒத்துக்கல, 1956ல ரோஸ், விட்டெப்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க முயலுக்கு முயல் தைராய்டு சத்தையே ஊசி போட்டு அதோட தைராய்டு கெட்டுப்போறத காட்டுன பிறகுதான் வாய மூடினாங்க. ஆனா பழைய குடும்பப் பேரு அப்படியே நின்னு போச்சு. கொலாஜனே நேரா அதிகமாகி தோல் மரம் மாதிரி இறுகுற ஸ்க்ளீரோடெர்மாவும் அதே குடும்பத்துலதான் இருக்கு.

தட்டோன்_தம்பி:

அக்கா எதிர்ப்பு சக்தி கம்மியானாதான் இந்த மாதிரி எல்லாம் வரும், எங்க சித்தப்பா மதராஸ்லேர்ந்து ஒரு லேகியம் வரவழைச்சு குடுத்தார், இம்யூனிட்டி ஏத்துறது, காய்ச்சல் சளி எதுவும் அண்டாது, அத ஒரு மண்டலம் குடுத்துப் பாருங்க. ஸ்டீராய்டு எல்லாம் உடம்ப ஊத வச்சிடும், மூஞ்சி நிலா மாதிரி ஆயிடும், பொம்பளப் பிள்ளைக்கு வேணாம்.

பெகுக்காரி:

தம்பி கோவிச்சுக்காத, ஆனா நீ சொல்றது தலைகீழ். அவளுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா இல்ல, இருக்கிறது தப்பான பக்கம் திரும்பி நிக்குது, அத ஏத்தி விட்டா என்ன ஆகும் யோசி. லேகியத்துல என்ன கலந்திருக்குன்னு எழுதாத டப்பாவ கிட்னி கெட்டுப் போயிட்டு இருக்கிற பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லாத. அதுல பல லேகியத்துல ஸ்டீராய்டே பொடி பண்ணி போட்டிருப்பான், அதான் வலி பறந்து போகுது.

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், பல வருஷமா. என்னோடதும் அந்தக் குடும்பம்தான், மூட்டு உள்ள இருக்கிற சைனோவியம்னு மெல்லிசான உறைதான் முக்கியமா அடி வாங்குது. மெத்தோட்ரெக்சேட் போட்டுக்கிறேன், வாரத்துக்கு ஒரே நாள், நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து போடுவேன், மறக்காது. இத தினமும் போட்டா ரத்த அணுவெல்லாம் விழுந்து உயிருக்கே ஆபத்து, நாளைக்கு உங்க தங்கச்சிக்கும் எழுதினாங்கன்னா இத மனசுல வச்சுக்கோங்க.

ஸ்டீராய்டு பத்தி: மூஞ்சி ஊதும், பசி எடுக்கும், சுகர் ஏறும், எலும்பு தேயும், எல்லாம் உண்மைதான், நானே ஊதியிருக்கேன், கல்யாண வீட்டு போட்டோவுல என்னைய எனக்கே அடையாளம் தெரியல. ஆனா அத படக்குன்னு நிறுத்தக்கூடாது. வெளிலேர்ந்து வர்றத நம்பி அட்ரீனல் சுரப்பி தூங்கிடும், திடீர்னு நிறுத்தினா பிரஷர் விழுந்து ஆளே சாஞ்சிடுவாங்க. சயாமா படிப்படியா குறைப்பாங்க, அவங்க சொல்ற கணக்குல குறைங்க. அதோட ஸ்டீராய்டு அதிகமா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டி.பி. இருக்கா, ஹெபடைட்டிஸ் பி இருக்கான்னு பாத்தாங்களான்னு கேளுங்க, நம்ம நாட்டுல ரெண்டுமே உள்ள தூங்கிட்டு இருக்கிற ஆளுங்க நிறைய, எதிர்ப்பு சக்திய அமுக்கினா எந்திரிச்சுக்கும்.

தட்டோன்_தம்பி:

சரிக்கா, லேகியத்த விடுங்க. ஆனா எனக்கே போன வருஷம் செக்கப்புல ஏ.என்.ஏ. 1:80ன்னு வந்துச்சு, அப்ப எனக்கும் லூபஸா? இத படிச்சதுலேர்ந்து வயித்தக் கலக்குது.

பழைய_லேப்காரர்:

உனக்கு மூட்டு வீக்கம் இல்ல, தடிப்பு இல்ல, யூரின் சுத்தம்னா தூங்கு. 1:80ங்கிறது ரத்த சீரத்த எண்பது மடங்கு நீர்க்க வச்சும் தெரியுதுன்னு அர்த்தம். நல்லா இருக்கிற ஆளுங்கள எடுத்துப் பாத்தாலே 1:80ல நூத்துக்கு பதிமூணு பேர் கிட்ட பாசிட்டிவ் வரும், 1:40ன்னா மூணுல ஒரு பங்கு. ஏ.என்.ஏ. உள்ள விடுற கதவு மட்டும்தான், லூபஸ் உள்ளவங்களுக்கு கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும், ஆனா இருக்கிற எல்லாருக்கும் லூபஸ் இல்ல. இந்தப் பொண்ணுக்கு 1:640, அதோட டி.எஸ்.டி.என்.ஏ., காம்ப்ளிமென்ட், யூரின் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுது, அது வேற. செக்கப் பேக்கேஜ்ல இந்த டெஸ்ட்ட சும்மா சேத்து விக்கிறது எனக்கு பிடிக்கவே பிடிக்காது, பாதிப் பேர் தேவையில்லாம பயந்து சாகுறான்.

மோல்மீன்_அக்கா:

ரொம்ப நன்றி ஐயா, நன்றிக்கா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், அத்தைக்கும்தான். இன்னும் மூணு விஷயம். மலேரியா மாத்திரை ஏன்னு யாரும் சொல்லல. பயாப்சின்னா அவ அழறா, கிட்னில ஊசி குத்தினா கிட்னி போயிடுமாம், யாரோ சொல்லியிருக்காங்க. அம்மா கவலை அடுத்தது, கல்யாணம் பேசிட்டு இருந்தோம், பிள்ளை பெத்துக்க முடியுமா? திஞ்சான் தண்ணித் திருவிழா வேற வருது, அவ பிரெண்டுங்க எல்லாம் கூப்பிடுறாங்க.

பழைய_லேப்காரர்:

ரெண்டாம் உலகப் போர் சமயம் சிப்பாய்ங்களுக்கு மலேரியா வராம இருக்க க்வினக்ரின் குடுத்தாங்க, அப்ப தோல் தடிப்பும் மூட்டு வலியும் இருந்தவங்க சில பேருக்கு அதுவும் தணிஞ்சுச்சு. 1951ல லண்டன்ல பேஜ்னு ஒரு டாக்டர் லூபஸ் ஆளுங்களுக்கு குடுத்துப் பாத்து எழுதினார், அங்கேர்ந்து அதே மாதிரி மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுவினுக்கு வந்த வழி இது. செல்லுக்குள்ள டி.என்.ஏ. கழிவப் பாத்து அலாரம் அடிக்கிற பகுதிய இது அமுக்குது. மெதுவாதான் வேலை செய்யும், ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும், ஒன்னும் தெரியலையேன்னு விட்டுடாதீங்க, விட்டவங்களுக்கு மறுபடி கிளம்புறது அதிகம். எடைக்கு ஏத்த அளவு, ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. விழித்திரைய பாதிக்கலாம், அதனால ஆரம்பத்துலயே ஒரு தடவை கண்ண செக் பண்ணி வச்சுக்கணும், அஞ்சு வருஷம் கழிச்சு வருஷா வருஷம்.

பயாப்சிக்கு மரத்துப்போற ஊசி போட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே நூல் மாதிரி துணுக்குதான் எடுப்பாங்க. முக்கியமான பயம் ரத்தக்கசிவு, அதனால முடிஞ்ச பிறகு பல மணி நேரம் மல்லாக்க அசையாம படுக்கச் சொல்வாங்க, ஆஸ்பிரின் மாதிரி எதாவது சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடணும். இது எதுக்குன்னா, லூபஸ் கிட்னிய ஆறு கிளாஸா பிரிக்கிறாங்க, வெளிலேர்ந்து பாத்தா ரெண்டாவதும் நாலாவதும் ஒரே மாதிரி தெரியும், ஆனா மூணு, நாலுன்னா மைக்கோஃபெனலேட்டோ சைக்ளோஃபாஸ்ஃபமைடோ சேத்து பலமா அடிக்கணும். பாக்காம குடுத்தா கம்மியா குடுத்து கிட்னி போகும், இல்ல தேவையில்லாத விஷத்த குடுத்த மாதிரி ஆகும். நுரை நுரையா யூரின் போனா, காலைல முகமோ சாயங்காலம் காலோ வீங்கினா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

பெகுக்காரி:

கல்யாணம் தாராளமா பண்ணலாம், பிள்ளையும் பெத்துக்கலாம், ஆனா வியாதி ஆறு மாசமாவது அடங்கிக் கிடந்த பிறகு, டாக்டர்ட்ட கேட்டுட்டு. மைக்கோஃபெனலேட், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு எல்லாம் கருவ கெடுக்கும், முன்னாடியே மாத்திடணும். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் கர்ப்பத்துலயும் தொடரலாம், அத பயந்து நிறுத்துறதுதான் தப்பு. ரோ ஆன்டிபாடி இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க, இருந்தா குழந்தையோட இதயத் துடிப்ப வயித்துல இருக்கும்போதே கவனிப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்காதீங்க, தினமும் மாத்திரை போடுறவளால எத்தனை நாள் மறைக்க முடியும். இந்த வியாதி வர்ற பத்துல ஒன்பது பேர் பொம்பளைங்க, அதுவும் கல்யாண வயசுலதான், அவ தனி ஆள் இல்ல.

திஞ்சான் தண்ணில ஒன்னும் இல்ல, ஏப்ரல் வெயில்தான் பிரச்சனை. வெயில் பட்டு தோல் செல்லு சாகும், செத்தா ஐயா சொன்ன அந்த உட்கருக் கழிவு கூடும், வியாதி கிளம்பும். காலைல ஏழு மணிக்கு நனைஞ்சுட்டு ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடச் சொல்லுங்க, முழுக்கை, தொப்பி. தனக்கா பூசட்டும், ஆசைக்கு, ஆனா அத நம்பி வெயில்ல நிக்கக்கூடாது, அடில சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 50 போட்டுட்டு மேல பூசச் சொல்லுங்க. அப்புறம் கன்னம் நிறைய தனக்காவ அப்பாம லேசா பூசினா தடிப்பு திரும்ப வருதான்னு உங்களுக்கும் தெரியும்.

மோல்மீன்_அக்கா:

பயாப்சிக்கு சரின்னுட்டா. அடுத்த வாரம் ரங்கூன் போறோம். அக்கா, இங்க கடைல ஹைட்ராக்ஸி இல்ல, வெறும் குளோரோகுவின் இருக்கு ரெண்டும் ஒன்னுதான், விலையும் கம்மின்னு குடுக்கிறார், வாங்கலாமா?

பழைய_லேப்காரர்:

வாங்காதம்மா. சொந்தக்கார மருந்துதான், ஆனா அளவு வேற, கண்ண கெடுக்கிறது குளோரோகுவின்ல அதிகம். பஸ்ல ஆள் வந்தா ரங்கூன்லேர்ந்து குடுத்தனுப்பலாம், மாத்திரை அட்டைய போட்டோ எடுத்துப் போடு, பேரும் மில்லிகிராமும் தெரியற மாதிரி.