வறட்சி தாங்கும் சோளம்: கதிருக்கா, தட்டுக்கா?

கோவை விதையாளி:
பல்லடம், காங்கயம் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் ஓட்டியும் புழுதிதான் பறக்கிறது. இனி விதையிலேயே வறட்சியைத் தாங்கும் குணம் வேண்டும். எத்தியோப்பிய நாட்டுச் சோளத்திலிருந்து வந்த 'பச்சை நீடிப்பு' குணம் இருந்தால், பூத்தபின் மழை ஏமாற்றினாலும் இலை சீக்கிரம் காயாது, மணி முற்றும், தட்டு (சோளத்தண்டு) சாயாது. அதற்குரிய நான்கு மரபணுப் பகுதிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ரகங்களில் ஏற்ற வேண்டியதுதான்.

மேட்டுக்காடு:
தம்பி, அந்தச் சோளம் தண்ணீரை எப்படி மிச்சம் பிடிக்கிறது என்பதையும் சொல்லுங்க. தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டு, குறைவாக வெடிக்கும், மேல் இலைகள் சிறுத்திருக்கும். அப்படி மண்ணில் விட்டுவைத்த ஈரம் கதிருக்குப் போகும். தானியத்துக்கு விதைப்பவருக்குச் சரி. நாங்கள் சித்திரை மழைக்குச் சோளம் விதைப்பது மாட்டுக்கு. தூரும் இலையும் குறைந்தால் தட்டுப்போர் போட என்ன மிஞ்சும்? போன வருசம் 'வறட்சி தாங்கும்' என்று விற்ற விதையை இரண்டு ஏக்கரில் போட்டேன். பயிர் சாகவில்லை, ஆனால் இடுப்பளவுகூட வளரவில்லை. மாசியிலேயே தட்டு விலைக்கு வாங்கினேன்.

கொழுக்கட்டைப்புல்:
அண்ணா சொல்வது சரி. என் கவலை இன்னொன்று. மழை தள்ளிப்போய் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் நச்சு ஏறும். எங்கள் செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதைக் கடித்தது. மூச்சு வாங்கி, கால் பின்னி விழுந்தது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. விதை விற்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கோவை விதையாளி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, அக்கா. ஆனால் அதற்கும் மரபியலில்தான் வழி. அந்த நச்சு 'தூரின்' (dhurrin) என்ற பொருளிலிருந்து வருகிறது. தூரினை உண்டாக்கும் மரபணு செயலிழந்த சோளத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடி எடுத்திருக்கிறார்கள். வெளி மரபணு எதையும் புகுத்தவில்லை.

மேட்டுக்காடு:
பூச்சி தின்னாமல் இருக்கத்தானே செடி அதை வைத்திருக்கிறது? எடுத்துவிட்டால் மருந்தடிக்கும் செலவு யார் தலையில்?

கோவை விதையாளி:
சரி, தட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இலையைக் குறைக்காமல் வேரை ஆழமாக்கலாமே. நெல்லில் அப்படி வேரைக் கீழ்நோக்கி இறக்கும் டி.ஆர்.ஓ. 1 மரபணுவை 2013இல் ஜப்பானில் பிரித்துக் காட்டினார்கள்.

மேட்டுக்காடு:
எங்கள் காட்டில் ஒன்றரை அடி தோண்டினால் சுக்கான்பாறை. கடப்பாரையே இறங்காது, வேர் எங்கே இறங்கும்? கால் ஏக்கர் ஒதுக்கித் தருகிறேன். விதையோடு வாங்க. அறுத்துத் தட்டை எடை போட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.